ராக்கர் மூடியின் உட்புறம்

இளையவள் முட்டி மோதி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்ட பந்தயக் கார் பட்டறையில் ஓர் இடம். முதலில் கழுவும் தொட்டியருகே, பிறகு மேசையருகே, கடைசியில் எஞ்சினுக்கு நேரெதிரே. சிறு வயதுக் காய்ச்சலில் இடது காது போன பிறகும், திருப்புளியின் முனையை எஞ்சினிலும் பிடியைத் தாடையிலும் வைத்து எந்த வால்வு சத்தம் போடுகிறது என்று சொல்லும் திறமை. ஓரங்கட்டப்பட்ட ஒரு பழைய எஞ்சினுக்கு மலைச்சாலைப் பந்தயத்தில் இரண்டாம் இடம். கேட்டாலும் கேட்காவிட்டாலும் அக்கா இந்த வரிசையை ஒப்பிப்பாள்.

அந்த இரண்டாம் இடம் கைநழுவிப் போக இருந்தது.

அக்காவுக்கு வேலை அதே பட்டறையின் பின்னறையில், சீட் உறை தைப்பது. படிப்பு அவ்வளவாக ஏறவில்லை. ஆனால் அவள் போட்ட தையலில் ஒன்று கோணலாக இருந்தால் பிரித்துவிட்டுத்தான் தூங்கப் போவாள். தையல் மிஷினுக்கு எதிரே ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் வழியே தங்கையின் எஞ்சின் தெரியும்.

எஞ்சினின் தலைமேல் சீசாப் பலகை போல எட்டு ராக்கர்கள். ஒரு முனையைத் தள்ளுகம்பி தூக்கினால் மறுமுனை வால்வை அமுக்கும். வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு நுழைகிற அளவு இடைவெளி வேண்டும். அதிகமானால் டக்டக்கென்று அடிக்கும், இழுவை போய்விடும். குறைந்தால் வால்வு கருகும். தங்கை மாலையில் எஞ்சினை ஓடவிட்டு, நன்றாகச் சூடேறியதும் எட்டு ராக்கர்களின் திருகாணியையும் தகடு வைத்துத் திருகி, லாக் நட்டை இறுக்கி, மூடியைப் போடுவாள். மறுநாள் சோதனை ஓட்டத்தில் எட்டும் அடிக்கும்.

இரண்டாம் முறையும் அப்படி ஆனதும் முதலாளி சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவை அடிச்சுதுன்னா, நீ மறுபடியும் தொட்டிக்குப் போயிடும்மா. எஞ்சினை வேற கைக்குக் குடுத்துடுறேன்."

வேறு கை என்றால் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். தலைமை மெக்கானிக். வாயைத் திறக்கவே மாட்டார் என்பதால் பட்டறையில் அவருக்குப் பெயர் சைலன்சர்.

அன்று சோற்று டப்பாவைத் திறந்தபடியே தங்கை சொன்னாள்: "தானா கழண்டா ஒண்ணு ரெண்டு கழலும்க்கா. எட்டும் ஒரே அளவு கழலுமா? யாரோ கை வைக்கிறாங்க."

"யாரோ என்ன யாரோ? சாவி யார்கிட்ட இருக்கு?"

"முதலாளிகிட்ட. அப்புறம் அவர்கிட்ட."

"முதலாளி தன் காரையே கெடுத்துக்குவாரா? மூடிக்குள்ள யார் கையெழுத்து இருக்குன்னு பாரு. அதான் பதில்."

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியாக டேப்பெட் வைத்து, அதாவது அந்த இடைவெளியைச் சரி செய்து, மூடியவர், ராக்கர் மூடியின் உட்புறத்தில் ஊசி முனையால் பெயரையும் தேதியையும் கீறி வைப்பார். வெளியே தெரியாது, ஆனால் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். அங்கிருந்த மூடிகளிலெல்லாம் சைலன்சரின் பெயர். தங்கை எந்த மூடியிலும் கீறியதில்லை. பந்தயத்தில் நன்றாக ஓடட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் அக்கா தன் நகப்பூச்சைக் கொண்டுவந்தாள். நட்டின் மேலும் ராக்கரின் மேலும் சேர்ந்தாற்போல ஒரு சிவப்புக் கோடு, எட்டு இடத்திலும். நட் அசைந்தால் கோடு முறியும். அடுத்த நாள் சோதனை ஓட்டத்துக்கு முன்பே திறந்து பார்த்தபோது எட்டும் முறிந்திருந்தன; தங்கை மறுபடி சூடேற்றி வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அக்காவுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட மனம் ஓடவில்லை. சைலன்சர் தண்ணீர் குடித்தால் சந்தேகம், குடிக்காவிட்டால் சந்தேகம். ஒருநாள் அவர் தங்கைக்கு வாழைப்பழம் நீட்டியபோது, "வேண்டாம்ணே, அவளுக்கு ஒத்துக்காது" என்று நடுவில் புகுந்து வாங்கித் தானே தின்றுவிட்டாள்.

தங்கை வேறு வழி கண்டுபிடித்தாள். திருகாணியே இல்லாத ராக்கர் உண்டு. தள்ளுகம்பியின் நீளத்தைச் சரியாக அளந்து செய்து பூட்டினால் அவ்வளவுதான். திருகுவதற்கு எதுவும் இருக்காது, யாரும் கை வைக்கவும் முடியாது. முதலாளியிடம் சொல்லி ஒரு பெட்டி வரவழைத்தாள்.

சைலன்சர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அபூர்வமாக வாய் திறந்தார்.

"பந்தய எஞ்சினுக்கா இது? வால்வு தேஞ்சு உள்ள உக்காந்துடுச்சுன்னா எதைத் திருகுவே?"

"ஏன்ணே, திருக முடியலைன்னா உங்களுக்கென்ன கஷ்டம்?" என்றாள் தங்கை.

அவர் பெட்டியை மூடி வைத்துவிட்டுப் போனார். "பாத்தியாடி, மூஞ்சி எப்படிப் போச்சு!" என்றாள் அக்கா.

ஆனால் பெட்டியைப் பிரித்துப் பூட்டுவதற்குள் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம். தங்கை வழக்கம்போல் மாலையில் டேப்பெட் வைத்து மூடினாள். மறுநாள் முதலாளி பட்டறையைத் திறந்ததுமே அக்காளும் தங்கையும் பின்னறைக்குள் போய், அடுக்கி வைத்த சீட்டுகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டார்கள்.

சைலன்சர் வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ராக்கர் மூடியைக் கழற்றினார். தகட்டை நுழைத்துப் பார்த்து, உச்சுக் கொட்டித் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

பாய்ந்தது அக்காதான். "அண்ணே! சோறு போடுற கையையே வெட்டுறீங்களே, நல்லா இருக்கா?"

அவர் கையிலிருந்த ஸ்பேனர் விழுந்தது. தங்கை மட்டும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களுக்கிடையே இருந்த தகட்டைப் பார்த்தாள்.

"அது நான் வைக்கிற தகடுதானே?"

"அதேதான். நுழைய மாட்டேங்குது பாரு. ஒவ்வொரு தடவையும் டைட்டா வச்சுட்டுப் போறே. நான்தான் சரி பண்ணி மூடுறேன்."

"இப்போ எஞ்சின் பச்சைத் தண்ணியா இருக்குண்ணே. நான் சூட்டுல வச்சேன்."

"சூட்டுல வச்சா என்ன? என் காலம் பூரா ஆறின எஞ்சின்லதான் வச்சிருக்கேன்."

"உங்க காலம் பூரா இரும்பு ஹெட். இது அலுமினியம்."

தங்கை அவரையே எட்டையும் அவர் கணக்குப்படி, ஆறிய எஞ்சினிலேயே வைக்கச் சொன்னாள். மூடியைப் போட்டு எஞ்சினைக் கிளப்பினாள். சூடு ஏற ஏற டக்டக் சத்தமும் ஏறியது. நிறுத்திவிட்டு மூடியைத் திறந்து, அதே தகட்டை அவர் கையில் கொடுத்தாள். தகடு தொளதொளவென்று ஆடியது. அலுமினியம் சூட்டில் கூடுதலாக விரிந்து, ராக்கரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

சைலன்சர் தகட்டை நுழைத்தார், எடுத்தார், மறுபடி நுழைத்தார்.

"ஏன்ணே என்கிட்ட சொல்லல?"

"சொன்னா முதலாளி காதுல விழும். பொண்ணுக்கு டேப்பெட் வைக்கத் தெரியலைன்னு ஆயிடும்."

அக்காவுக்கு அது பாதிதான் இறங்கியது. மீதிப் பாதி தொண்டையிலேயே நின்றது. "அப்போ மூடியில உங்க பேரு?"

"கடைசியா மூடினவன் போடுறது வழக்கம்" என்றார், தரையைப் பார்த்தபடி. தங்கைக்காகச் செய்தாரா, பெயருக்காகச் செய்தாரா என்று அவருக்கே தெரியுமோ என்னவோ. அக்கா இன்றுவரை அதில் முடிவுக்கு வரவில்லை.

சத்தம் கேட்டு வந்த முதலாளி விஷயம் முழுவதையும் கேட்டார். பிறகு பெட்டியைக் காட்டினார்.

"நாளைக்குப் பந்தயம். எதைப் பூட்டப் போறே?"

அக்கா தங்கையின் முதுகில் இடித்தாள். திருகாணி இல்லாததைப் பூட்டினால் நிம்மதி. திருகாணி உள்ளதை வைத்துக்கொண்டு நாளை அடித்தால், இனி யார் மேலும் பழி சொல்ல முடியாது, நேராகத் தொட்டிதான்.

"திருகுறதையே வச்சுக்கிறேன்" என்றாள் தங்கை. "அண்ணன் சொன்னதுல ஒண்ணு சரி. மலை ஏறுறப்போ வால்வு உக்காந்தா இடைவெளி குறையும், திருகித்தான் ஆகணும். அந்தப் பெட்டி எஞ்சினுக்காக வாங்கினது இல்ல முதலாளி. ஆளுக்காக வாங்கினது."

சைலன்சருக்கு அது சுருக்கென்றிருக்க வேண்டும். ஆனாலும் எஞ்சினைக் கிளப்பிச் சூடேற்றியது அவர்தான். தங்கை எட்டையும் வைத்தாள். நட்டுகளை இறுக்கினாள். அக்கா நகப்பூச்சுப் புட்டியோடு வந்து நின்றாள்.

"இன்னுமா?" என்றாள் தங்கை.

"போடட்டும்" என்றார் சைலன்சர். "எனக்கும் அதுதான் நல்லது."

எட்டுச் சிவப்புக் கோடுகள். தங்கை மூடியைத் தூக்கினாள். சைலன்சர் தன் பையிலிருந்து கீறும் ஊசியை எடுத்து நீட்டினார். எஞ்சின் நன்றாக ஓடட்டும், அப்புறம் போடுகிறேன் என்று இந்த முறை அவள் சொல்லவில்லை. மூடியை மடியில் கவிழ்த்து வைத்து, அவருடைய பெயருக்குக் கீழே, ஊசி வழுக்காமல், தன் பெயரையும் தேதியையும் மெதுவாகக் கீறினாள். மறுநாள் வண்டி கிளம்புகிற வரைக்கும் அக்கா ஜன்னலை விட்டு அகலவில்லை. மூடியைப் பூட்டுவதற்கு முன்பே, தங்கை கீறிய தேதியை அவள் எட்டிப் பார்த்துவைத்திருந்தாள்.

27-8-2011.