குளிர்கிடங்கில் ஓர் ஒத்திகை

குளிர் பட்டால் என் மனைவியின் வலது கையில் இரண்டு விரல்கள் வெளுத்துவிடும். ஃப்ரீசரிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தாலே போதும், சுட்டுவிரலும் நடுவிரலும் நுனியிலிருந்து நடு மூட்டு வரை மெழுகுவத்தி நிறத்துக்கு வந்துவிடும். ரத்தக்குழாய்கள் தேவைக்கு மேல் சுருங்கிக்கொள்கின்றன, பயப்பட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். திருச்சியை விட்டு நகராதவரை அதில் பயப்பட ஒன்றும் இல்லைதான். ஆனால் அவள் பார்க்க ஆசைப்பட்டது துருவ ஒளியை.

அவள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. சூரியனிலிருந்து வரும் துகள்கள் துருவங்களுக்கு மேலே காற்றில் மோதி ஒளிர்வதை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டுபவள். "பாக்காத ஒண்ணையே சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க" என்றாள் ஒரு நாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்றைக்கே நான் திட்டம் போட உட்கார்ந்துவிட்டேன்.

நார்வே எங்கள் கைக்கு எட்டவில்லை. ரஷ்யாவின் வடகோடியில் உள்ள மூர்மான்ஸ்க் எட்டும் போலிருந்தது. திருச்சியிலிருந்து வளைகுடா, அங்கிருந்து மாஸ்கோ, பிறகு ஓர் உள்நாட்டு விமானம். நம் வங்கி அட்டைகள் அங்கே செல்லாது என்பதால் பணத்தை ரொக்கமாகவே கொண்டுபோக வேண்டும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்காக ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு உறவினர்களால் நிறைந்துவிடும், அப்போது கிளம்ப முடியாது. நிலவில்லாத இரவுகள் வேண்டும் என்பதால் அமாவாசைகளைப் பார்த்தேன். தை அமாவாசைக்குக் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் நான் தர்ப்பணம் செய்தாக வேண்டும். மாசி அமாவாசை மிஞ்சியது. மலிவான டிக்கெட்டும் அந்த வாரத்தில்தான் இருந்தது. மலிவுக்குக் காரணம், ரத்து செய்தால் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வராது.

அந்த இடத்தில்தான் என் கை நின்றது. அலுவலகத்தில் கோப்பைத் திறந்தால் அவள் விரல்கள்தான் தெரிந்தன. வெட்டவெளியில், பனியில், வேன் எங்கோ தள்ளி நிற்க, அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கையுறைக்குள் விரல்கள் செத்துக்கொண்டிருக்கும், அது அவளுக்கே தெரியாது. மறுபடி மருத்துவரிடம் போனேன். "போகலாம். ஆனா உறை இல்லாம விரல் வெளியே வரக் கூடாது. வெளுத்துட்டா மெதுவா, வெதுவெதுன்னு சூடுபடுத்துங்க. அவசரப்படக் கூடாது" என்றார். அதை அப்படியே நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடிட்டேன். பயம் மட்டும் குறையவில்லை.

அவள்தான் வழி சொன்னாள். "சோதிச்சுப் பாத்துடுவோமே." அவளிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பா அரியமங்கலத்தில் ஐஸ்கிரீம் கிடங்கு வைத்திருந்தார். உள்ளே மைனஸ் பதினெட்டு. புரட்டாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம், இரவல் வாங்கிய கோட்டும் உறைகளும் போட்டு வியர்த்துக் கொட்ட அவள் கிடங்கு வாசலில் நின்றாள். கிடங்குக்காரர் சிரித்தார்.

"காசு குடுத்துக் குளிரத் தேடிப் போறீங்களா டீச்சர்? இங்க பொட்டி தூக்க ஆள் கெடைக்க மாட்டேங்குது. பேசாம இங்கயே வந்துடுங்க, சம்பளமும் உண்டு."

"சாருக்கும் சேத்துக் குடுப்பீங்களா?"

"சார் வாசல்லயே நடுங்குறாரே!"

உண்மைதான். இரும்புக் கதவை அவளுக்குப் பின்னால் அவர் சாத்தினார். கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெட்டிகளுக்கு நடுவே நடந்தாள், கையை ஆட்டினாள். பிறகு என்னைப் படம் எடுப்பதற்காக வலது உறையைக் கழற்றி போனைத் தூக்கினாள். நான் கண்ணாடியைத் தட்டினேன். அவளுக்குக் கேட்கவில்லை. கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினேன்.

வெளியே வந்தபோது அந்த இரண்டு விரல்களும் அவளுடையவை போலவே இல்லை. தொட்டுப் பார்த்தேன். "தெரியுதா?" "தெரியல" என்றாள் சாதாரணமாக. வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் நிதானித்திருப்பேன். தெரியல என்ற அந்தச் சொல்லில் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, பெட்டி கழுவும் இடத்துக் குழாயை முழுதாகத் திறந்து விரல்களை அதன் கீழே பிடித்தேன். நிறம் திரும்புகிறதா என்பது மட்டும்தான் என் கண்ணில் இருந்தது. விடவே இல்லை.

"சார்! சார்! கூரை மேல வெயில்ல கெடக்குற பைப்பு சார் அது, கொதிக்கும்!"

கிடங்குக்காரர் வந்து என் கையைத் தட்டிவிட்டார். ஒரு துளி என் மேல் தெறித்தபோதுதான் அதன் சூடு எனக்கே தெரிந்தது. மரத்துப்போன விரல்களுக்கு அது தெரியவில்லை. வெண்மை போய், நீலம் போய், சிவப்பு வந்த பிறகுதான் அவள் முகம் சுருங்கியது. சாயங்காலம் இரண்டு விரல்களிலும் கொப்புளம்.

வீட்டில் களிம்பு தடவ நான் கையை நீட்டியபோது அவள் தரவில்லை. தானே இடது கையால் தடவிக்கொண்டாள்.

"குளிர் என்னை ஒண்ணும் பண்ணலங்க. உறையக் கழட்டினது என் தப்பு, இனிமே கழட்ட மாட்டேன். போட்டோவும் வேணாம், கண்ணால பாத்தா போதும். ஆனா நீங்க?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"மெதுவா சூடுபடுத்தணும்னு எழுதி வச்சது நீங்கதானே? அங்க எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க கையிலதான் இருப்பேன். எனக்கு இப்ப அதான் பயம்."

போக வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். உள்ளூர விரும்பினேன் என்றும் சொல்லலாம். கொப்புளங்கள் அடங்கிய வாரத்தில் அவளே இடது கையால் டிக்கெட் எடுத்தாள். ரத்து செய்தால் திரும்ப வராத பணத்தைக் கட்டியாயிற்று.

அன்றிலிருந்து தினமும் சாப்பிட்ட பிறகு கூடத்தில் ஒத்திகை. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் நாற்காலியில் உட்காருவாள், கைகளை மடியிலிருந்து எடுக்காமல். தடித்த உறை போட்ட கைகளால் நான்தான் அவள் கோட்டின் ஜிப்பைத் திறந்து, அவள் கையை அவளுடைய அக்குளுக்குள்ளேயே வைத்து, மறுபடி மூட வேண்டும். ஜிப்பின் முனை பிடியில் அகப்படாது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வேகம் வேணாங்க" என்பாள். "மூச்ச விடுங்க மொதல்ல."

நேற்றும் பாதியில் துணி மாட்டிக்கொண்டு ஜிப் நின்றுவிட்டது. இழுக்கப் போனேன். அவள் தோள் விறைத்தது. கையை எடுத்தேன். மூச்சு விட்டேன். மாட்டிய துணியை விலக்கிவிட்டு, கீழிருந்து மறுபடி ஏற்றத் தொடங்கினேன்.