பாய் விரிக்கும் இடம்

அறுபதுகளின் நடுவில் எங்கள் மாதா கோயிலில் பெஞ்சு கிடையாது. இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள், நடுவில் மூன்றடிப் பாதை. உட்காரும் பாயை அவரவர்தான் கொண்டுவர வேண்டும்.

நான் செஞ்சியில் பொதுப்பணித்துறை ஆபீஸில் ஏரி மதகுகளுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். மெட்ராஸில் டிப்ளமோ முடித்தவள் என்பதால், கோயிலில் எதை அளப்பதென்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தையல்காரி இருந்தாள். ஆணாகப் பிறந்து, புடவை கட்டிப் பெண்ணாகவே வாழ்ந்தவள். ஊரில் பாதிப்பேர் போட்டிருந்த ரவிக்கை அவள் தைத்தது. மேல்சித்தாமூரிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். புதிதாக வந்த சாமியார் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். சண்டை அதிலிருந்துதான்: அவள் எந்தப் பக்கம் உட்காருவது?

முதல் ஞாயிறு பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். ஒருத்தி அவள் பாயைச் சுருட்டி வெளியே எறிந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து, "ஏய் ஒம்போது, இங்க வா, மடியில எடம் இருக்குது!" என்று ஒரு குரல். ஒரே சிரிப்பு.

பூசை முடிந்ததும் கூட்டம் போட்டார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று வரிசை எண் போட்டு நோட்டில் எழுதினேன். எழுதினால்தான் எனக்கு எதுவும் பிடிபடும். மளிகைக் கடைக்காரர்: பிள்ளைகள் கெட்டுப்போகும். உபதேசியார்: பிஷப்புக்கு மனு. என் நைனா: "அது உள்ள வந்தா நாங்க வெளிய."

"எங்க உக்காரணும்னு அவளையே கேளுங்க" என்றார் சாமியார்.

"பொம்பளைங்க பக்கம், சாமி" என்றாள் வாசலில் நின்றிருந்த தையல்காரி.

"இன்னா தைரியம்! அது ஆம்பளை" என்றாள் பாயை எறிந்தவள்.

"ஏங்க்கா, ரவிக்கைக்கு அளவு குடுக்கறப்ப நான் பொம்பளை, பூசைக்கு மட்டும் ஆம்பளையா?"

அந்த அம்மாள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது.

அந்த வாரம் நானே தீர்த்துவைக்கப் புறப்பட்டேன். கோயிலை அளந்து, தரைப்படம் போட்டு, கடைசியில் வாசலையொட்டி நாலுக்கு மூன்றடியில் ஒரு கட்டம் வரைந்தேன். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம். அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "கோடு நல்லா போட்டிருக்கம்மா. நாம செருப்பு கழட்டி வுடற எடந்தானே இது?"

ஆமாம், அதேதான். வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். வரிசை எண் போட்டு எல்லார் பேச்சும் இருந்தது. அவள் சொன்ன பதிலை மட்டும் எழுதியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் என் பாயை விரித்தேன். வாசலில் தயங்கி நின்றவளை, "அக்கா, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். அவள் வந்து உட்கார்ந்ததும் சுற்றியிருந்த பாய்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. என் அம்மாவும் எழுந்தாள். எங்களைச் சுற்றி ஆறடிக்கு வெறும் தரை.

நைனா பத்துப் பேரோடு வெளியேறினார். போகிற போக்கில் யாரோ எங்கள் பக்கம் காறித் துப்பியது என் புடவையில் பட்டது. சாமியார் பீடத்தில் நின்றபடி அவர்கள் போய் முடியும்வரை பார்த்திருந்துவிட்டு, பூசையைத் தொடங்கினார்.

"பயமா இருக்குதா?" என்று முக்காட்டுக்குள் கேட்டாள்.

"இருக்குது."

"எனக்குந்தான். கொஞ்சம் முட்டிய நவுத்து, பாய் பத்தல."