மஞ்சள் இல்லாத சாம்பார்

கரு வளரும் அந்தக் கோழிமுட்டையின் ஓட்டில் சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டியிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே சிவப்பு ரத்தக்குழாய்கள் வேர் மாதிரி படர்ந்திருந்தன. நடுவில் எங்கள் விஞ்ஞானி மேடம் விட்ட மஞ்சள் சொட்டு. அதைச் சுற்றி மட்டும் மொட்டையாக வெளுத்துக் கிடந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில், சூட்டுப் பெட்டியில் முட்டைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எட்டாவதோடு பள்ளியை விட்ட என்னையும் கூப்பிட்டுக் காட்டுவார் மேடம்.

"சக்கரை வியாதில கண்ணுக்குள்ள வேண்டாத ரத்தக்குழாய் முளைச்சுப் பார்வை போகுதில்ல? மஞ்சள்ல இருந்து எடுத்த இந்தச் சத்து அதை முளைக்க விடல, பாருங்க!"

அவர் குதிக்காத குறை. நான் குனிந்து என் ஷூவைப் பார்த்தேன். எனக்கும் சர்க்கரை. ஷூவுக்குள் கட்டைவிரலில் ஆறாத புண். ஆஸ்பத்திரிக்குப் போனால் விரலை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, மனைவி குழைத்துக் கொடுத்த மஞ்சளைத்தான் அப்பிக்கொண்டிருந்தேன். புண் ஆறப் புது ரத்தக்குழாய் வேண்டும் என்று சொன்னவரும் இதே மேடம்தான்.

ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு வந்ததும் விரலைத் தேய்த்துக் கழுவினேன். மஞ்சள் டப்பா பரணுக்குப் போனது. சாம்பாரிலும் கூடாது என்றேன்.

"ஏங்க, இதெல்லாம் ஒரு சாம்பாரா? உங்க மேடத்தையே வந்து சமைக்கச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

பயப்படுவதில் நான் குறை வைத்ததில்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதில்தான் தகராறு.

அந்த வாரமே மதியச் சாப்பாட்டில் மேடம் என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்துவிட்டார். "ஏன்ரீ இது, என்னங்க இது?" என்றார், பாதிக் கன்னடத்தில். "சாம்பாருக்கு உடம்பு சரியில்லையா?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். "நான் விட்டது தனியாப் பிரிச்சு எடுத்த சத்து. சாம்பார்ல இருக்கறது ரத்தத்துல ஏறவே ஏறாது. உங்க கால் என்ன முட்டையா? எங்க, காட்டுங்க."

காட்டினேன். சிரிப்பு நின்றது.

"இதை வச்சுக்கிட்டு மஞ்சளுக்கா பயந்தீங்க? எழுந்திருங்க, பேகா, சீக்கிரம்!"

ஆட்டோவில் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன், "விரல் போயிடுமா மேடம்?" என்று.

"இன்னொரு தடவை கேட்டா நானே கடிச்சு எடுத்துடுவேன்."

டாக்டர் செத்த சதையை மட்டும் வெட்டி எடுத்தார். இன்சுலின் ஆரம்பித்தார். விரல் தங்குமா என்பதைப் பொறுத்திருந்துதான் சொல்ல முடியும் என்றார். சில வாரங்கள் கழித்துக் கட்டு மாற்றும்போது மேடமும் வந்தார். வெளிச்சம் போதவில்லை என்று நர்ஸைக் கடிந்துகொண்டு, என் காலருகே குனிந்தார். புண்ணின் அடியில் பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளிகள்.

"வந்துடுச்சு! ரத்தக்குழாய் வந்துடுச்சு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அது முளைக்கக் கூடாதென்று வருஷக்கணக்கில் பாடுபட்ட மனுஷி அவர்.

இப்போது மேடம் ஓய்வு பெற்று மைசூரில் இருக்கிறார். விரல் என்னோடு இருக்கிறது, கொஞ்சம் கோணலாக. செருப்புக் கடையில் அதை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.