தண்ணி லாரி மிதந்த தெருமுனை

புது போனில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கேமராவைத் தெருப்பக்கம் காட்டினால் பேங்க், கோயில், மருந்துக்கடை என்று பெயர்கள் திரையில் அந்தந்த இடத்துக்கு மேலேயே மிதக்கின்றன. நாமும் புதிதாக ஒரு பெயரை ஒட்டலாம்.

இன்று சாயங்காலம் திருவொற்றியூர் பஸ் வழக்கம்போலக் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகப் போனைக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மல்லிகா அக்கா. தினமும் கூடையை வைத்து எனக்கு சீட் பிடித்து வைப்பவர்.

"அதோ எங்க தெரு. இன்னா காட்டுது பாரு கண்ணு."

அந்தத் தெருவின் மேல் ஒரு பெயர்கூட மிதக்கவில்லை. அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஒண்ணும் இல்லியா? முனையில தண்ணி லாரி வந்து நிக்குதே, அத்த போடு."

போட்டேன். தெருமுனைக்கு மேலே 'தண்ணி லாரி' மிதந்தது. அக்கா முகமெல்லாம் பெருமை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்.

"இது உனுக்கு மட்டுந்தான தெரியும்?"

"இல்லக்கா. இந்த மாதிரி போன் வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும்."

"அய்ய, பேஜாரு. பக்கத்துத் தெரு மொத்தமும் கொடத்த தூக்கினு வந்துடும்."

அழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழிக்காத. அப்டியே அவங்க தெருவுல தள்ளி வை. அங்கியே நின்னுகினு கெடக்கட்டும்."

தள்ளி வைத்துவிட்டேன்.

பக்கத்துத் தெரு நண்பர்களே, லாரி நிஜமாக எங்கே நிற்கும் என்று கமெண்டில் கேட்காதீர்கள். நாளைக்கும் எனக்கு சீட் பிடித்து வைக்கப்போவது மல்லிகா அக்காதான்.