ராத்தா கையொப்பமிடாத கடிதம்

எங்கள் ராத்தா வபாத்தாகி, எங்களைப் பிரிந்து இன்றோடு ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுப்பவர்களில் பலருக்கு அவர் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளை. சிலருக்கு முதியோர் இல்லத்து மிஸ். அவருடைய ஒரே தங்கை என்ற உரிமையில் இரண்டையும் சேர்த்து எழுத முயல்கிறேன்.

ராத்தா மருதமுனையில் பிறந்தார். வாப்பா சைக்கிளில் புடைவை கட்டி ஊரூராக விற்றவர். ராத்தா உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம் உம்மா பாரிசவாதத்தில் விழுந்தார். ஐந்து வருடம் உம்மாவைத் தூக்கியதும் திருப்பியதும் குளிப்பாட்டியதும் ராத்தாதான். நான் பள்ளிக்கூடம் போனேன். உம்மா மௌத்தான பின், வந்த கல்யாணப் பேச்சுகளை ஒதுக்கிவிட்டு, நற்பிட்டிமுனைப் பக்கமிருந்த ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். எழுந்து நடக்க முடியாதவர்களைக் கடைசிவரை பராமரிக்கும் இடம் அது. இரண்டாம் வருடமே அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அப்போதைய பொறுப்பாளரிடம் சொன்னபோது, "ஏலாட்டி வீட்ட போய் இரி" என்றாராம். அதன் பிறகு தன் முதுகைப் பற்றி ராத்தா அங்கே யாரிடமும் கதைத்ததில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து அந்தப் பொறுப்பு அவரிடமே வந்தது. காலையில் ஆட்கள் வேலை மாறும்போது, நோயாளரைப் பற்றிப் பேசுமுன், வந்தவர்களைப் பார்த்து, "உங்கட உடம்பு எப்பிடி இரிக்கி? ஒளிக்காமச் சொல்லுங்க" என்பார். நோயாளருக்கு ஏற்றிய ஊசி தவறுதலாகத் தன் கையில் குத்திய ஒரு பிள்ளை பயத்தில் அதை மறைத்திருந்தாள். ராத்தா ஏசவில்லை. தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், இரத்தப் பரிசோதனை முடியும்வரை பக்கத்தில் இருந்தார்.

ஆனால் இல்லத்தில் ஆட்கள் போதாது. ஒரு நாள் முற்பகல், கூட நிற்க வேண்டியவர் லீவில் இருந்ததால், பெரியநீலாவணையிலிருந்து வேலைக்கு வரும் யோகேஸ்வரி ஒரு ஹாஜியாரைத் தனியே கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றினார். குளியலறையிலிருந்து வழிந்திருந்த தண்ணீரில் கால் வழுக்கி இருவரும் விழுந்தார்கள். யோகேஸ்வரியின் கை முறிந்தது. ஹாஜியாருக்கு இடுப்பில் பலத்த அடி.

ஹாஜியாரின் குடும்பம் கொதித்தது. நிர்வாக சபை கூடி, யோகேஸ்வரியை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை ராத்தாவின் முன்னால் வைத்தது.

"கையொப்பத்த வெச்சா இதோட முடிஞ்சிரும் தங்கச்சி" என்றார் தலைவர்.

ராத்தா கடிதத்தைத் திருப்பி நீட்டினார். "ரெண்டு பேர் தூக்கிற ஆள ஒராளுக்கிட்ட விட்டது நான். அவட பேர வெட்டிட்டு என்ட பேர எழுதுங்க. அப்ப வெக்கிறன்."

சபையார் அப்படி எழுதவில்லை. ஆனால் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். யோகேஸ்வரி கைக்கட்டோடு வீட்டில் முடிவுக்காகக் காத்திருக்க, ராத்தா மூன்று மாதம் சாதாரண உதவியாளராக, முன்பு தனக்குக் கீழிருந்தவர்களோடு மலம் அள்ளினார், துணி அலசினார். நான் அழுதேன். "உங்களுக்கு என்னத்துக்கு ராத்தா இந்த வேல?" என்று கேட்டேன்.

"அந்தப் புள்ளைக்கு வேல போனா அவட சின்னதுகள் மூணும் பட்டினி. எனக்கு நீ இரிக்காய்தானே" என்றார்.

முடிவை மாற்றியவர் ஹாஜியார்தான். எழுந்து உட்காரும் நிலை வந்ததும் சபைத் தலைவரைக் கூப்பிட்டனுப்பினார். "அந்தப் புள்ள என்னக் கைவிட்டிருந்தா அவட கை முறிஞ்சிரிக்காது. என்ட தல நிலத்தில அடிபடாமக் கையக் குடுத்தா. அவவயா நிப்பாட்டப் போறீங்க?" என்றார். அடுத்த மாதம் ராத்தாவுக்குப் பொறுப்பு திரும்பியது. கை சுகமானதும் யோகேஸ்வரியும் வேலைக்கு வந்தார். மேலதிக ஆட்களும், குளியலறைக் கைப்பிடிக் கம்பிகளும், வழுக்காத தரையும் அதன் பிறகு வந்தவை. யாரும் தனியே தூக்கக் கூடாது என்பதும் அப்போதுதான் சட்டமானது.

பிறர் நோவை இப்படிக் கேட்டறிந்த ராத்தா தன் நோவை எங்களிடம் மறைத்தார். நான் கேட்டால், "இது என்ட பழைய கூட்டாளி" என்று முதுகைத் தடவிச் சிரிப்பார். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. வைத்தியரிடம் போனபோது புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. செய்தி கேட்டு வந்த யோகேஸ்வரி எங்கள் குசினியில் அடுப்பருகே நின்று, "மிஸ் எங்களிட்டக் கேட்டவ. நாங்க மிஸ்ஸிட்டக் கேக்கல்ல" என்று விம்மினார். அவரைத் தேற்ற என்னால் முடியவில்லை.

கடைசி ஏழு வாரம் ராத்தா வீட்டிலேயே இருந்தார். ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து அவரைத் திருப்பிப் படுக்கவைக்கக் குனிந்தேன். கண்ணை மூடியபடியே, "முதுக வளைக்காத. முழங்கால மடிச்சு நில்லு" என்றார். அவர் என்னிடம் தெளிவாகச் சொன்ன கடைசி வார்த்தை அது. இரண்டு நாள் கழித்து, நண்பகல் லுஹர்த் தொழுகைக்குச் சற்று முன் அவருடைய மூச்சு அடங்கியது.

ராத்தாவுக்கு வைத்தியம் செய்தவர்களுக்கும், ஜனாஸாவைச் சுமந்த ஊரவர்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு தந்த அயலவர்களுக்கும், லீவு நாளெல்லாம் பஸ் ஏறி வந்து ராத்தாவைக் குளிப்பாட்டிய யோகேஸ்வரிக்கும் அவருடைய தோழியருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. ராத்தாவின் சொல்லால் மனம் நொந்தவர் எவரேனும் இருந்தால், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் அந்த இல்லத்துக்குப் பகல் சாப்பாடு கொண்டுபோனேன். நினைவு தடுமாறிய ஒரு மூதாட்டி என் முகத்தில் என்ன சாயலைக் கண்டாரோ, கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ் எப்ப வருவா புள்ள?" என்று கேட்டார். தினமும் எல்லாரிடமும் இதைத்தான் கேட்கிறாராம்.

"லீவுல நிக்கா. வருவா" என்றேன்.

அந்தப் பொய்யை அல்லாஹ் எனக்கு மன்னிக்கட்டும். ராத்தா உறங்கும் கப்றை அவன் விசாலமாக்கட்டும்.