ஆறாயிரத்துக்கு மேல் விழிக்கும் வண்டி

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அவர். பெண்களில் முக்கால்வாசிப் பேர் என்னிடம் கற்றவர்கள். பிள்ளைகள் நேரில் அவரை மாஸ்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் அரைக்கிளட்ச் என்பார்கள். வாயைத் திறந்தால் அதுதான் வரும்: "அரைக்கிளட்ச்ல நிக்காத, ரேஸ் பண்ணாத, முள்ளு ரெண்டாயிரம் தாண்டறதுக்குள்ள கியரை மாத்து." வீட்டில் நான் கொஞ்சம் சத்தம் போட்டாலும் அதே பாட்டுதான். "ரேஸ் பண்ணாத" என்பார். எனக்கு இருக்கிற கோபம் அதில் இரட்டிப்பாகும்.

அப்பேர்ப்பட்டவர் போன மாதம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். ஒரு பல் டாக்டர் வைத்திருந்த வண்டி. டாக்டருக்கு முதுகு போய்விட்டதால் அதில் ஏறி இறங்க முடியவில்லையாம், அதனால் கொடுத்துவிட்டார். இரண்டே சீட். அதில் உட்காருவது என்று சொல்லக்கூடாது, விழுவது என்றுதான் சொல்ல வேண்டும். விழுந்தபின் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும்.

"நிமிஷத்துக்கு ஒன்பதாயிரம் சுத்து சுத்தும் இந்த இன்ஜின்" என்றார்.

"இந்த வயசுல நமக்கே தலை அவ்வளவு சுத்துது, இது வேறயா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பு வந்து சொல்லவில்லை. வாய் பழக்கத்தில் வந்தது.

விஷயம் என்னவென்றால், அவருக்குக் கால் மரத்துப்போய்க்கொண்டிருந்தது. சர்க்கரை. முதலில் விரல்கள், பிறகு பாதம். செருப்பு கழன்று தெருவில் கிடக்க, அது தெரியாமல் வெறுங்காலோடு வீட்டுக்குள் வந்து நின்ற அன்றைக்குத்தான் நான் சர்க்கரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். "தொடும்போது சொல்லுங்க." இவர் "இப்ப" என்றார். டாக்டர் தொடவே இல்லை. பிறகு தொட்டார், தொட்டார், இவர் கம்மென்று இருந்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"பிரேக்கை மிதிச்சா, மிதிச்சது தெரியுதா?" என்று கேட்டார் டாக்டர்.

"நல்லாத் தெரியுது" என்றார் இவர். "முப்பது வருஷ கால் சார் இது. தூக்கத்துல கூட மிதிக்கும்."

"தெரியாத அன்னிக்கு நிறுத்திடணும். ஓட்டறதையும், சொல்லித்தர்றதையும்."

அன்று வீட்டுக்கு வந்து நாங்கள் அழவில்லை, சண்டை போடவில்லை. நான் துணி மடித்தேன், அவர் டிவி போட்டார். தூங்கப் போகும்முன் அவரே சொன்னார்: "என்னிக்கு பிரேக் எனக்குத் தெரியலையோ, அன்னிக்கு சாவியை உன் கையில குடுத்துடறேன். ஸ்கூலையும்தான். நீ கேக்கவே வேணாம்." சரி என்றேன். அந்த ஸ்கூலை எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் என்ன என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்திருந்தாலே அந்த மனிதருக்குக் கை கால் ஓடாது. நெஞ்சு அடைத்துக்கொண்டு வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில்தான் இந்த வண்டி வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே ஒருநாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஸ்கூல் வண்டி ஊமை. ஆக்சிலேட்டர எவ்வளவு அமுக்கறேன்னு சொல்லவே சொல்லாது. இது கத்திச் சொல்லுது. இதுக்குக் கால் வேணாம், காது போதும்."

அப்போதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். இல்லை. "காதும் போயிட்டா என்ன பண்ணுவீங்க, மூக்கால ஓட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

வண்டியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், பொய் சொல்லக்கூடாது. முதல் வாரம் அது ஒன்றுமே இல்லை. மெதுவாகப் போனால் முனகும், குழி எல்லாம் நேராக முதுகெலும்புக்கு வரும். இவர் பழக்கதோஷத்தில் இரண்டாயிரத்திலேயே கியரை மாற்றிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த சைக்கிள்காரன் ஒருவன் எங்களை முந்திப் போனான். ஒன்பதாயிரம் சுற்றும் வண்டியைக் கூட்டிப்போய்ப் பால் பாக்கெட் வாங்கிவந்த ஒரே ஜோடி நாங்களாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வாரம், ஊருக்கு வெளியே காலிச் சாலையில், மூன்றாவது கியரில், அவர் மாற்றவில்லை. முள் மூவாயிரம் தாண்டியது, நாலாயிரம் தாண்டியது. எனக்கே கை கியரை நோக்கிப் போயிற்று. ஆறாயிரத்தில் அந்தச் சத்தம் வேறாயிற்று. தையல் மிஷின் மாதிரி கடகடத்துக்கொண்டிருந்தது, ஒரே இழையாக மெலிந்து, உயர்ந்து, காதுக்குள் நேராக வந்தது. சீட் முதுகைப் பிடித்துத் தள்ளியது. எட்டாயிரத்தில் மாற்றினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. தூரத்தில் யாரோ பேசுவதைக் கேட்கிறவர் மாதிரி இருந்தார்.

அன்று மாலை எதிர்வீட்டுக்காரர் கேட்டார், "எப்படி மாஸ்டர், வண்டி?"

"ஆறாயிரத்துக்கு மேலதான் முழிக்குது. அதுக்குக் கீழ என்னை மாதிரி மரக்கட்டைதான்" என்றார். எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். இவரும் கூடச் சிரித்தார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

"ஒரே ஒரு குறை" என்று இவர் சேர்த்துக்கொண்டார். "பிரேக் சரியில்ல. பிடிக்கறதுக்கு நேரமாகுது."

அது உண்மைதான். சிக்னலில் கோட்டைத் தாண்டித்தான் நின்றோம். பெட்ரோல் பங்கில் குழாயைத் தாண்டி நின்று, பின்னால் எடுத்தோம். எனக்கு ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் நான் அப்படி நினைக்காததற்குக் காரணம் இருந்தது. தினமும் காலையில் வீட்டிலிருந்து ஸ்கூலுக்கும், மாலையில் ஸ்கூலிலிருந்து வீட்டுக்கும் நாங்கள் ஸ்கூல் வண்டியில்தான் போகிறோம். அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில். அந்த வண்டி எப்போதும் நிற்க வேண்டிய இடத்தில் பூப்போல நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவள் நான். அதனால் கோளாறு அவரிடம் இல்லை, புது வண்டியில்தான் என்று நானும் நம்பினேன்.

மெக்கானிக்கிடம் விட்டோம். எங்களிடம் ஓட்டக் கற்றவன்தான். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "மாஸ்டர், பிரேக் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. எதை மாத்தச் சொல்றீங்க?" என்றான்.

"பேட் மாத்து. ஆயில் மாத்து."

"எல்லாம் நல்லா இருக்கு, மாஸ்டர்."

"உனக்குச் சொல்லிக் குடுத்தவன் சொல்றேன், மாத்துடா."

மாற்றினான். மறுநாளும் சிக்னலில் கோட்டைத் தாண்டித்தான் நின்றோம். எனக்கு அதற்குள் வலது கெண்டைக்கால் வலிக்க ஆரம்பித்திருந்தது. அந்தக் காரில் போய்வரும் நாளில் எல்லாம் வலிக்கும். சீட் தாழ்வு, வயசாகிறது என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்தேன்.

ஸ்கூலிலோ எல்லாரும் மாஸ்டருக்கு நல்ல பேர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் பிள்ளைகள் ஓட்டும்போது பக்கத்தில் இருந்து சடாரென்று பிரேக்கைப் போட்டு உயிரை வாங்குவார். இப்போது பேசாமல் விட்டுவிடுகிறாராம். கற்றுக்கொள்ள வரும் நர்ஸ் பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "மாஸ்டர் ரொம்ப மாறிட்டார் அக்கா. எங்களை நம்பி விடறார்." வயது பக்குவம் தந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவரிடமும் சொன்னேன், அவருக்கும் பெருமைதான்.

போன வியாழக்கிழமை காலை ஸ்கூல் வண்டி சர்வீஸுக்குப் போயிருந்தது. அதனால் ஸ்போர்ட்ஸ் காரிலேயே ஸ்கூலுக்குக் கிளம்பினோம். கடைத்தெரு முனையில் ஆட்கள் கடக்கும் கோடு. ஒருவர் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிதானமாகக் கடந்துகொண்டிருந்தார். இவரும் நல்ல தூரத்திலேயே பார்த்துவிட்டார். "ஆள் போறார்" என்றுகூடச் சொன்னார். கிளட்சை மிதித்தார். பிரேக்கையும் மிதித்ததாக நினைத்தார்.

இன்ஜின் அலறியது. ஐந்து, ஏழு, எட்டு என்று முள் ஏறி சிவப்புக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு துடித்தது. வண்டி நிற்கவில்லை, உருண்டுகொண்டே போயிற்று. நான் என் பலத்தையெல்லாம் காலில் கொடுத்து மிதித்தேன். நிற்கவில்லை. மறுபடி மிதித்தேன். அப்புறம்தான் கை தானாக நடுவில் இருந்த கைபிரேக்கைப் பிடித்து இழுத்தது. வண்டி குலுங்கி நின்றது. சைக்கிளின் பின்சக்கரத்தை பம்பர் தொட்டு, சைக்கிள் அவர் கையை விட்டுச் சரிந்தது. அவர் விழவில்லை.

இன்ஜின் இன்னும் அலறிக்கொண்டே இருந்தது.

"காலை எடுங்க" என்றேன்.

"எடுத்துட்டேன். ஆக்சிலேட்டர் ஒட்டிக்கிச்சு."

குனிந்து பார்த்தேன். கால் அங்கேதான் இருந்தது, ஆக்சிலேட்டரின் மேல், முழுசாக. அவர் முழங்கால் பக்கம் பேன்ட்டைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தேன். கனமாக இருந்தது. சத்தம் நின்றது. அவர் தன் காலை, வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

சைக்கிள்காரர் சைக்கிளை நிமிர்த்தி, செயினை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு அருகே வந்து எங்களைப் பார்த்தார். திட்டுவார் என்று இருந்தேன். "மாஸ்டரா" என்றார். "என் பொண்ணு உங்ககிட்டதான் கத்துக்குது." அவ்வளவுதான், போய்விட்டார். அதற்கு நாலு அறை வைத்திருந்தால் தேவலை.

அப்போதுதான் என் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். கீழே விரித்திருந்த மிதியடி சுருண்டு முன்னால் போயிருந்தது. என் வலதுகால் வெறும் தரையை இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தது. அங்கே பெடல் கிடையாது. பெடல் இருப்பது ஸ்கூல் வண்டியில், சொல்லிக்கொடுக்கிறவர் பக்கம். அதை அமுக்கினால் ஓட்டுகிறவரின் பிரேக்கும் கூடவே இறங்கும், இரண்டுக்கும் நடுவில் கம்பி. இத்தனை வருஷம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில், அந்த சீட்டில் உட்கார்ந்தால் என் கால் தானாக அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆள் குறுக்கே வந்தால் தானாக அமுக்கும். என்னைக் கேட்காது. கண்சிமிட்டுவதை யாராவது எண்ணிக்கொண்டா இருக்கிறோம்.

"சொன்னேனே" என்றார் அவர், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. "இந்த வண்டில பிரேக் சரியில்ல. நம்ம ஸ்கூல் வண்டியைப் பாரு, நேத்துகூட அதே இடத்துல எப்படி நின்னுது."

சொல்லாமல் விட்டிருக்கலாம். மனசில் ஈரமுள்ள வேறு யாராவது விட்டிருப்பார்கள். எனக்கு அப்போது பயமும் இல்லை, இரக்கமும் இல்லை. வாய் மட்டும் இருந்தது.

"அது நான் பிடிச்சது" என்றேன்.

"எது?"

"ஸ்கூல் வண்டில. எப்பவும். நீங்க மிதிச்சதா நினைச்சிருக்கீங்க. நான்தான் மிதிச்சிருக்கேன். எனக்கே தெரியாது, இப்பதான் தெரியுது."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஒரு வண்டி சுற்றிக்கொண்டு போனது, அடுத்ததும் போனது. அவர் சாவியைத் திருகி எடுத்தார். சொன்ன சொல் தவறாமல் என் கையில் வைத்தார். நான் கேட்கவே இல்லை. நான் இறங்கிச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அவர் இறங்கவில்லை. கதவைத் திறந்து கை நீட்டினேன். கையைப் பிடித்துக்கொண்டார், எழுந்திருக்கவில்லை.

"உன்கூடப் போனப்ப நீ பிடிச்சே" என்றார். "சரி. பிள்ளைங்க ஓட்டறப்ப அந்தப் பக்கம் நான்தான் உக்காந்திருந்தேன். அப்ப யாரு பிடிச்சா?"

என் கையை விடாமல், ஸ்கூலில் இப்போது கற்றுக்கொண்டிருக்கிற பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.