பூபுசாராவின் பச்சை மருந்து

என்னைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று ஊரே சொல்கிறது. அது இருக்கட்டும், நான் பூபுசாராவைப் பற்றி எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஆடு மேய்த்து, சொந்தமாக மாவு மில் வைத்தவன் நான். நான் ஒருவரைப் பற்றிப் பேனா எடுக்கிறேன் என்றால் அந்த ஆளிடம் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

பூபுசாரா எங்கள் பள்ளிக்கூடத்து நர்ஸ். குட்டையான பெண், நடை மட்டும் ஓட்டம். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தவள். ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன கணவன் திரும்பவே இல்லை. கேட்டால், "போகட்டும், எல்லா ஊசியும் போட்டுத்தான் அனுப்பினேன்" என்பாள். பிள்ளைகளுக்கு ஊசி போடும்போது ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள். சிரித்து முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும்.

கொரோனா வந்து பள்ளியை மூடினார்கள். பாடம் போனில் வந்தது. எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது கல்லறைக்குப் பின்னால் இருக்கும் குன்றின் மேல்தான். பிள்ளைகள் பனியில் உட்கார்ந்து கணக்குப் படித்தார்கள். என் பேரன்கள் அங்கே துப்பாக்கி விளையாட்டு மட்டும் கற்றுக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

கடைசியில், செப்டம்பர் முதல் தேதி திறக்கலாம் என்று உத்தரவு வந்தது. காய்ச்சல் பரவினால் திரும்பவும் மூடுவார்கள், திரும்பவும் குன்று. அதை நினைத்து பூபுசாரா ஆகஸ்டு முழுக்க ஓயவில்லை. பழைய காலுறைகளில் சோப்பைப் போட்டுக் குழாயடியில் கட்டித் தொங்கவிட்டாள். தண்ணீர்த் தொட்டியில் சங்கிலியோடு கிடந்த பொதுக் குவளையைக் கழற்றிவிட்டு, ஆளுக்கொரு குவளை கொண்டு வரச் சொன்னாள். மாடு தொழுவத்துக்கு வந்ததும் போனைப் பிடுங்கிப் பிள்ளைகளைப் படுக்க வைக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். இதற்கெல்லாம் ஊர் தலையாட்டியது. பையன்கள் கை கொடுத்துக்கொள்ளக் கூடாது என்றாள் பாருங்கள், அங்கேதான் சிக்கல். வகுப்புக்குள் நுழைகிறவன் அத்தனை பேருக்கும் கை கொடுத்துவிட்டுத்தான் உட்காருவான். ஒருவனை விட்டால் அன்று மாலை மூக்கு உடையும்.

பள்ளி முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். முன் பெஞ்சில் நான்.

"அக்சகால்," என்றாள். வெள்ளைத்தாடிக்காரர்களை அப்படித்தான் அழைப்போம். "நெஞ்சுல கை வச்சு வணக்கம் சொன்னாப் போதும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் பசங்க கேப்பாங்க."

"கை குடுக்காதவன் ஆம்பளையாம்மா? அதுக்கு என் பேரனுங்க வீட்லயே கெடக்கட்டும்."

மற்ற அப்பன்மாரும் என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அவள் முகம் விழுந்துவிட்டது. அந்த நேரம், குளிருக்குப் பள்ளியைச் சூடாக்கும் அடுப்பை எரிக்கிற எகெம்பெர்தி வந்தான். குளிர்காலத்துக்கு நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்தவன், கை கரியாகத்தான் இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. எல்லாருக்கும் கை கொடுத்தான். நான் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினேன். பிறகு வந்தவர்களும் வழக்கப்படி எல்லாருக்கும் கை கொடுத்தார்கள்.

"பாத்தியா? இதுல எங்க இருக்கு நோய்?" என்று கேட்டேன். கையோடு பள்ளிக்கும் ஓர் ஆசி சொல்லிவிடலாம் என்று எழுந்து உள்ளங்கைகளை ஏந்தினேன். ஆசி சொல்லும்போது நான் கண்ணை மூடிவிடுவேன். நான் சொல்லும்போது மற்றவர்கள் என்னைப் பார்ப்பார்களே தவிர, தங்கள் கையைப் பார்க்க மாட்டார்கள்.

ஆசியின் முடிவில் சொல்லும் "ஓமின்" சொல்லி, வழக்கப்படி இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தடவினேன். எல்லாரும் தடவினார்கள்.

ஒரு குழந்தைதான் முதலில் சிரித்தது. கண்ணைத் திறந்தேன். முற்றம் முழுக்கப் பச்சை முகங்கள். காயத்துக்குத் தடவும் பச்சை மருந்து. அதை வாஸ்லினில் குழைத்து எகெம்பெர்தியின் கரிக்கையில் பூசி அனுப்பியிருக்கிறாள் பூபுசாரா.

"பூபுசாரா, இது என்ன வேலை?"

"கையக் காட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன், அக்சகால். முகத்துக்குக் கொண்டுபோனது நீங்க." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இதாவது கண்ணுக்குத் தெரியுது. நோய்க் கிருமி தெரியாது."

எகெம்பெர்தி ஒருவன் கைதான். அது எத்தனை முகத்துக்குப் போயிருக்கிறது என்று சுற்றிப் பார்த்தேன். பார்த்தது போதும். "நெஞ்சுல கை வைங்கடா" என்றேன். நானே முதலில் வைத்தேன், சட்டையும் பச்சையானது.

வீட்டில் என் மனைவி கனிஷாய் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப ஆடு மேய்ச்சீங்க, இப்ப நீங்களே புல்லு மேய ஆரம்பிச்சிட்டீங்களா, கிழவரே?"

அந்த மருந்து சோப்புக்கு மசியாது. முதல் தேதி பச்சைத் தாடியோடு பள்ளி வாசலில் போய் நின்றேன். வேறு ஆளாயிருந்தால் வீட்டுக்குள் ஒளிந்திருப்பான். கை நீட்ட வந்த பையன்கள் என் தாடியைப் பார்த்தார்கள், கை தானாக நெஞ்சுக்குப் போனது.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் பள்ளி மூடப்படவில்லை. குன்றில் ஆடுகள்தான் ஏறின. மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி இது யாருடைய யோசனை என்று கேட்டார். என்னுடையதுதான் என்றேன்.

பக்கத்தில் நின்ற பூபுசாரா மறுக்கவில்லை. "ஆமாங்க," என்றாள், "முகம் அவருதுதான்."